அழுத்தம் எங்கே இருக்க வேண்டும்

பொய்க்கால் போட்டிருக்கும் ஒருவரைப் பார்க்கிறவர்கள் முதலில் பாதத்தைத்தான் பார்க்கிறார்கள். உண்மையான பாதம்போல இருக்கிறதா, செருப்புப் போடலாமா, நடக்கும்போது வேறுபாடு தெரிகிறதா என்றுதான் கேட்கிறார்கள். இலங்கையின் வடக்கே வன்னியில் ஒரு பட்டறையில் பல ஆண்டுகளாகக் கால் செய்யும் வேலையில் இருக்கும் எனக்குப் பாதம் கடைசியாக வருகிற கவலை. ஒருவர் தன் காலைப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போவாரா, அல்லது மூலையில் சாத்திவைத்துவிட்டு மறுபடியும் ஊன்றுகோலை எடுப்பாரா என்பதைத் தீர்மானிப்பது, எஞ்சிய கால் இறங்கி அமரும் கூடுதான். அதை நாங்கள் சொக்கெற் என்கிறோம். அதற்குள் நடப்பதை வெளியிலிருந்து எவரும் பார்க்க முடியாது. போட்டிருப்பவர் சொன்னால்தான் தெரியும். அவர் சொல்லாமல் விடுவதாலும், நாங்கள் பொறுமையாகக் கேளாமல் விடுவதாலும் நல்ல கால்கள் வீணாகிப் போகின்றன. அந்த ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன். முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவர்களைப் பற்றியே பெரும்பாலும் சொல்லப் போகிறேன். முழங்காலுக்கு மேலான கால் தனியாக எழுத வேண்டிய விடயம்.

எங்குமே அழுத்தாத ஒரு காலை எதிர்பார்த்துத்தான் பலர் வருகிறார்கள். அப்படி ஒரு கால் இல்லை. 60 கிலோ எடையுள்ள ஒருவர் பொய்க்காலின் மேல் நிற்கும்போது அந்த 60 கிலோவும் எஞ்சிய காலின் தோல் வழியாகத்தான் நிலத்துக்குப் போயாக வேண்டும். நடக்கும்போது ஒவ்வோர் எட்டிலும் அது உடல் எடையைவிடச் சற்றுக் கூடுகிறது. அந்தச் சுமை 300 சதுர சென்ரிமீற்றர் பரப்பில் பரவி விழுந்தால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 200 கிராம். அதே சுமை எலும்பு முனையைச் சுற்றியுள்ள 10 சதுர சென்ரிமீற்றரில் போய் நின்றால் 6 கிலோ. எடையைக் குறைக்க எங்களால் முடியாது. அதைத் தாங்கும் பரப்பைக் கூட்டவும், தாங்காத இடங்களிலிருந்து அதை விலக்கவும் மட்டுமே முடியும். கணக்கை எளிமையாகச் சொன்னேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொக்கெற்றின் சுவர்கள் கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்பதால் சுமையின் ஒரு பங்கு உரசலாகவே தோலில் இறங்குகிறது. பல வேளைகளில் புண்ணை உண்டாக்குவது அந்த உரசல்தான்.

உள்ளங்காலின் தோல் தடித்தது. அதன் அடியில் சுமை தாங்குவதற்கென்றே அமைந்த கொழுப்புப் படை இருக்கிறது. கணைக்காலின் தோல் அந்த வேலைக்குப் பிறந்ததன்று. தோலுக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ 32 மில்லிமீற்றர் பாதரசம் என்று சொல்வார்கள். நடக்கும்போது சொக்கெற்றுக்குள் சில இடங்களில் அதைப்போலப் பல மடங்கு அழுத்தம் ஏறுகிறது. இருந்தும் தோல் உயிரோடிருப்பதற்குக் காரணம், காலைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் இறங்கி இரத்தம் திரும்பி வருவதுதான். 1959 இல் கொசியாக் என்ற அமெரிக்க மருத்துவர் விலங்குகளில் செய்த சோதனைகள், பெரிய அழுத்தம் சிறிது நேரத்தில் செய்யும் கேட்டைச் சிறிய அழுத்தம் நீண்ட நேரத்தில் செய்துவிடும் என்று காட்டின. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய் வரிசையில் அசையாமல் நின்றுவிட்டு வருபவர்கள், நடந்த நாளைவிட நின்ற நாளில்தான் கால் கூடுதலாக நொந்தது என்று சொல்வது இதனால்தான். நிற்க வேண்டி வந்தால் எடையை நல்ல காலுக்கு மாற்றி மாற்றி நில்லுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

ஆக, அழுத்தத்தை எங்கே வைப்பது என்பதே எங்கள் தொழிலின் கேள்வி. 1950களின் இறுதியில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் உருவான ஒரு முறை இதற்கு ஒரு தெளிவான விடை சொன்னது. இன்றைக்கும் எங்கள் நாட்டில் செய்யப்படும் பெரும்பாலான கால்களின் அடிப்படை அதுவே. முழங்காற்சில்லுக்குச் சற்றுக் கீழே, சில்லையும் கணைக்காலின் பெரிய எலும்பையும் இணைக்கும் தடித்த நாண் ஒன்று உண்டு. அந்த நாண் சுமை தாங்கும். பெரிய எலும்பின் மேற்பகுதி உட்பக்கமாக விரியும் இடமும், அந்த எலும்புக்கு வெளிப்புறத்திலுள்ள தசைப் பகுதியும், பின்புறத்துக் கெண்டைத் தசையும் தாங்கும். தாங்காதவையும் உண்டு: முன்னெலும்பின் கூரான விளிம்பு, அது வெட்டப்பட்டு முடியும் முனை, வெளிப்பக்கத்துச் சிறிய எலும்பின் தலை, அதைச் சுற்றிக்கொண்டு தோலுக்கு மிக அருகில் ஓடும் நரம்பு, முழங்காலுக்குப் பின்னால் இருபுறமும் விறைத்து நிற்கும் நாண்கள்.

அச்சு எடுக்கும்போது இவை ஒவ்வொன்றையும் விரலால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எஞ்சிய காலில் மெல்லிய மேசு (காலுறை) ஒன்றை இழுத்துவிட்டு, நனைந்தால் ஒட்டிக்கொள்ளும் ஊதாப் பென்சிலால் சில்லின் விளிம்பு, நாண், எலும்பின் கூர், சிறிய எலும்பின் தலை, தழும்புகள் என்று எல்லாவற்றுக்கும் கோடு போடுவேன். நனைத்த பரிஸ் சாந்துப் பட்டியைச் சுற்றியதும் அது மெல்லச் சூடேறத் தொடங்கும். முழங்கால் சற்று மடிந்திருக்க, என் இரண்டு பெருவிரல்களையும் நாணின் இருபுறமும் பதித்து, மற்ற விரல்களால் முழங்காலின் பின்புறத்தை அணைத்துப் பிடித்தபடி சாந்து இறுகும்வரை அசையாமல் இருக்க வேண்டும். அந்தச் சில நிமிடங்களில் கைக்குக் கிடைக்கும் செய்தி எந்த அளவு நாடாவிலும் கிடைக்காது: தசை எவ்வளவு மெலிந்திருக்கிறது, தோல் எலும்போடு ஒட்டிக்கிடக்கிறதா அல்லது அதன் மேல் நகர்கிறதா, எந்த இடத்தைத் தொட்டதும் அவர் மூச்சைப் பிடிக்கிறார் என்பவையெல்லாம் அப்போதுதான் தெரியும். சாந்தைக் கழற்றினால் ஊதாக் கோடுகள் அச்சின் உட்புறத்தில் பதிந்திருக்கும். அதற்குள் சாந்துக் கரைசலை ஊற்றி இறுகவிட்டால் எஞ்சிய காலின் உருவம், கோடுகளோடு, கையில் வந்துவிடும்.

அந்த உருவத்தை அப்படியே வைத்துச் சொக்கெற் செய்தால் அது காலுக்கு அளவாக இருக்கும், ஆனால் சுமை தாங்காது. அதனால் சுமை விழ வேண்டிய இடங்களில் அரத்தால் சாந்தைக் குறைக்கிறோம். படக்கூடாத இடங்களில் சில மில்லிமீற்றர் சாந்தைக் கூட்டுகிறோம். குறைத்த இடம் சொக்கெற்றில் உள்நோக்கி அழுத்தும். கூட்டிய இடம் காலுக்கு விலகி இடம் கொடுக்கும். எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்பதற்குப் பாடநூலில் அளவுகள் உண்டு. ஆனால் வயலில் உழைத்து இறுகிய தசைக்கும், ஆறு மாதம் படுக்கையில் கிடந்து தளர்ந்த தசைக்கும் ஒரே அளவு பொருந்தாது. அதன் பின்னர் மென்மையான உள்ளுறையைச் செய்து, மின்போறணையில் இளகிய பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் தகட்டை உருவத்தின் மேல் போர்த்தி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்தால் தகடு சாந்தின் ஒவ்வொரு வளைவிலும் ஒட்டிக்கொள்கிறது. பொலிபுரொப்பிலீனை நான் விரும்புவதற்கு ஒரு காரணம் உண்டு. ஓரிடம் கடித்தால் அந்த இடத்தை மட்டும் சூடாக்கிச் சற்று வெளியே தள்ளிவிடலாம். சேற்றிலும் மழையிலும் அது கெட்டுப்போவதும் இல்லை.

பாடநூல்களில் வரும் எஞ்சிய கால்கள் அழகானவை. பெரிய எலும்பின் முன்முனை சரிவாக மழிக்கப்பட்டிருக்கும், சிறிய எலும்பு அதைவிடச் சற்றுக் குட்டையாக வெட்டப்பட்டிருக்கும், பின்புறத் தசை முன்னுக்கு மடித்துத் தைக்கப்பட்டு முனைக்கு மெத்தையாக இருக்கும். 2009 இன் முதல் மாதங்களில், போரின் இறுதிக் கட்டத்தில், புதுக்குடியிருப்பிலும் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் கால் எடுக்கப்பட்டவர்களுக்கு அப்படி ஒன்று எப்படி அமையும்? மயக்க மருந்துக்கும் இரத்தத்துக்கும் தட்டுப்பாடான நாட்கள் அவை. பாடசாலைக் கட்டடங்களிலும் தறப்பாள்களுக்குக் கீழும், எறிகணை விழுந்துகொண்டிருக்கும்போதே, வைத்தியர்களும் தாதியரும் உயிரைக் காப்பாற்றினார்கள். அவர்கள் மேல் எனக்கு மிகப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்த நாட்களின் தடம் இன்றைக்கும் சொக்கெற்றுக்குள் இருக்கிறது: தோலுக்கு நேர் கீழே நிற்கும் எலும்பு முனை, எலும்போடு ஒட்டிய தழும்பு, தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய மெல்லிய தோல், இன்னும் உள்ளே கிடக்கும் எறிகணைச் சிதறல். சிதறல் நாளடைவில் மேலே வரும்போது, ஆண்டுக்கணக்காக நன்றாக இருந்த சொக்கெற் ஒரு காலைப்பொழுதில் குத்தத் தொடங்கிவிடும். இத்தகைய கால்களில் வழமையாகச் சுமை வைக்கும் இடமே சில வேளைகளில் கிடைக்காது. முன்புறம் முழுவதும் தழும்பாக இருந்தால் பின்புறத் தசைக்குக் கூடுதல் பங்கு கொடுக்க வேண்டும். அதுவும் போதாவிட்டால் தொடைக்கு ஒரு பட்டியைச் சேர்த்துச் சுமையின் ஒரு பங்கை மேலே ஏற்ற வேண்டும்.

சொக்கெற் தயாரானதும் போட்டுப் பார்க்கும் நாள் வருகிறது. எனக்கு மிகவும் கடினமான நாள் அதுதான். "நோகுதா?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் வருகிறது: "பரவாயில்லை பிள்ளை, போடப் போடப் பழகிடும்." அதைச் சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் கடந்துவந்த வலிகளோடு ஒப்பிட்டால் சொக்கெற் கடிப்பது அவருக்குச் சொல்லத் தகுந்த ஒன்றாகவே தெரிவதில்லை. இலவசமாகக் கிடைத்த காலைக் குறை சொன்னால் நன்றி கெட்டவராகத் தெரிவோமோ என்ற கூச்சமும் உண்டு. மறுபடி வருவதற்குப் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போகும் என்ற கணக்கும் உண்டு. ஆனால் எலும்பு முனையில் விழும் அழுத்தம் பழகாது. தோல் ஓரளவு தடிக்கும், சுமை தாங்கும் இடங்களில் உரம் பெறும். படக்கூடாத இடத்தில் படும் அழுத்தத்துக்கு அது புண்ணைத்தான் தரும்.

அதனால் கேள்வியை மாற்றிக் கேட்கிறேன். சுகத்துக்குப் பூச்சியம் முதல் பத்து வரை புள்ளி கொடுக்கச் சொல்லும் ஓர் எளிய முறையை 2003 இல் இங்கிலாந்தில் ஹன்ஸ்பால் என்ற மருத்துவரும் அவரோடு சேர்ந்தவர்களும் வெளியிட்டார்கள். கருவி எதுவும் வேண்டாம், காசு வேண்டாம். நோகவில்லை என்று சொன்ன அதே மனிதர் புள்ளி கேட்டால் "ஏழு போடலாம்" என்பார். மிச்சம் மூன்றும் எங்கே போனது அண்ணை என்று கேட்டால் அவருடைய விரல் தானாகவே ஓர் இடத்துக்குப் போகும். அந்த விரல் காட்டும் இடத்துக்காகத்தான் நான் காத்திருக்கிறேன். சொக்கெற்றுக்குள் மெல்லிய உணரிகளை ஒட்டி அழுத்தத்தை அளக்கும் முறைகளும், கணினியில் வடிவமைக்கும் முறைகளும் இருக்கின்றன. அவை பயனுள்ளவை, எங்களுக்கும் ஒரு நாள் வர வேண்டும். ஆனால் எந்த எண் எந்த மனிதருக்குத் தாங்கும் என்பதை அவையும் போட்டிருப்பவரிடம்தான் கேட்டறிய வேண்டியிருக்கிறது.

எப்படி நோகிறது என்பதும் முக்கியம். எரிகிறது என்றால் உரசல் இருக்கிறது, கால் உள்ளே அசைகிறது என்று எடுத்துக்கொள்வேன். குத்துகிறது என்றால் ஓர் எலும்பு எங்கோ சுவரைத் தொடுகிறது. வெளிப்பக்கமாக விறைக்கிறது, மின்சாரம் பாய்ந்ததுபோல ஓடுகிறது என்றால் சிறிய எலும்பின் தலைக்கருகே நரம்பு நசுங்குகிறது. அதை ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. முனை கனத்துப் புடைக்கிறது என்றால் மேற்பகுதி இறுக்கமாகவும் அடிப்பகுதி வெறுமையாகவும் இருக்கிறது. இல்லாத பாதத்தின் விரல்கள் நோகின்றன என்றால் அது பெரும்பாலும் வேறு கதை. சொக்கெற்றைச் செதுக்கி அதைத் தீர்க்க முயன்றால் நல்ல சொக்கெற்றும் கெட்டுப்போகும்.

வாயால் கேட்டபின் கண்ணால் பார்க்க வேண்டும். சற்று நேரம் நடக்கவிட்டுக் கழற்றி, தோலில் சிவப்பு எங்கே இருக்கிறது, பத்துப் பதினைந்து நிமிடங்களில் அது மறைகிறதா என்று பார்க்கும்படி நூல்கள் சொல்கின்றன. அந்த நூல்கள் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்டவை. வெயிலில் வேலை செய்யும் எங்கள் சனத்தின் தோலில் சிவப்புத் தெரியாது. அழுத்தம் விழுந்த இடம் சற்றுக் கூடுதலாகக் கறுத்து, மினுமினுப்பாகத் தெரியும், அதுவும் நல்ல வெளிச்சத்தில்தான். அதனால் புறங்கையால் தடவி எந்த இடம் மற்ற இடங்களைவிடச் சூடாக இருக்கிறது என்று பார்க்கிறேன். மேசின் நெசவு தோலில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்றும் பார்க்கிறேன். நாணின் மேல் பதிவு ஆழமாக இருந்தால் நல்லது. எலும்பின் கூரில் இருந்தால் கூடாது. சீனி வருத்தத்தால் கால் இழந்து வருபவர்களுக்கு இந்தப் பார்வை இன்னும் கட்டாயமானது, ஏனென்றால் அவர்களில் பலருக்குத் தோலின் உணர்வு மங்கியிருக்கிறது. நோகவில்லை என்று அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும்; உள்ளே புண்ணும் இருக்கும். அவர்கள் வீட்டில் ஒருவர் ஒவ்வோர் இரவும் அந்தக் காலைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும், அல்லது ஒரு சிறு கண்ணாடியை வைத்துத் தாங்களே பார்க்க வேண்டும்.

பொருத்திய நாளில் சரியாக இருந்த சொக்கெற் ஏன் பிறகு கடிக்கிறது என்று பலர் மனவருத்தத்தோடு கேட்கிறார்கள். சொக்கெற் மாறவில்லை, கால் மாறிவிட்டது. வெட்டிய பின்னர் முதல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் எஞ்சிய கால் மிகவும் சுருங்கும். அதன் பின்னரும் ஒரே நாளில் காலைக்கும் மாலைக்கும் வேறுபடும். சொக்கெற்றுக்குள் அழுந்தி நடக்கும்போது திசுவிலுள்ள நீர் வெளியேறி, பின்னேரமாகும்போது கால் மெலிந்துவிடுகிறது. விசுவமடுப் பக்கத்திலிருந்து வரும் ஓர் அம்மா இதை எந்த நூலையும்விடத் தெளிவாகச் சொன்னார்: "சில்லுக்கு அடியில குத்துது பிள்ளை. காலமை ஒண்டும் இல்லை, மத்தியானம் திரும்பினாப் பிறகுதான்." சிறு களிமண் உருண்டை ஒன்றைச் சொக்கெற்றின் அடியில் போட்டு, அவரை அதில் நிற்கச் சொல்லி, கழற்றிப் பார்த்தேன். உருண்டை தட்டையாகிக் காசுபோல் கிடந்தது. கால் மெலிந்ததால் அது உள்ளே ஆழமாக இறங்கிவிட்டிருந்தது; நாணில் அழுந்த வேண்டிய மேடு சில்லின் கீழ் விளிம்பில் போய் அழுந்தியது, எலும்பு முனை அடியைத் தொட்டது. இன்னொரு மேசு போட்டு நிற்க வைத்தேன். "இப்ப குத்தேல்லை," என்றார். சற்று யோசித்துவிட்டு, "ஆனா ரெண்டு மேசு போட்டா வேர்வை பொறுக்கேலாதே," என்றும் சொன்னார். அவர் சொன்னதும் சரிதான். அதனால் மத்தியானம் வேலைக்கு நடுவில் இருந்து, ஈர மேசைக் கழற்றி, காய்ந்த மேசையும் அதன் மேல் ஒரு மெல்லியதையும் போடும்படி சொல்லி அனுப்பினேன்; உள்ளுறையின் வெளிப்புறத்தில் பின்பக்கமாக ஒரு மெல்லிய தகடும் ஒட்டிக் கொடுத்தேன்.

மேசு கூடினால் எதிர்மாறாக நடக்கும். கால் முழுதாக இறங்காமல் உயர்ந்து நிற்கும். நாணுக்குரிய மேடு அதற்குக் கீழே எலும்பு முட்டிநிற்கும் இடத்தில் அழுத்தும். குத்தும் இடம் சில்லுக்கு நெருங்கி மேலே இருந்தால் மேசைக் கூட்டுங்கள், கீழே எலும்பு மேட்டில் இருந்தால் குறையுங்கள் என்பது வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை. மேசுக்குப் பதிலாகப் பழைய சேட்டுத் துணியையும் பனியனையும் சுற்றிக்கொண்டு வருபவர்களை அடிக்கடி காண்கிறேன். துணியின் ஒவ்வொரு மடிப்பும் தையலும் தோலில் ஒரு கோடாகப் பதிந்து புண்ணாகிறது. ஒன்றின் மேல் ஒன்றாகத் தடித்த மேசுகளை அடுக்கிக்கொண்டே போக வேண்டிய நிலை வந்தால், மேசு தேடுவதை விட்டுவிட்டுப் புதுச் சொக்கெற்றுக்கு வாருங்கள்.

இறுக்கமான சொக்கெற்தான் நோகச் செய்யும், தளர்வாக இருந்தால் சுகம் என்ற எண்ணம் எங்கள் மக்களிடம் ஆழமாக இருக்கிறது. உள்ளே சுவரை வழித்துத் தரும்படி கேட்கிறார்கள். தளர்ந்த சொக்கெற்றுக்குள் கால் ஒவ்வோர் எட்டிலும் உலக்கைபோல் ஏறி இறங்குகிறது. பரந்து விழ வேண்டிய சுமை இரண்டு மூன்று புள்ளிகளில் குவிகிறது, உரசல் கூடுகிறது. எல்லாப் பக்கமும் ஒரே சீராக அணைத்துப் பிடிக்கும் சொக்கெற் முதல் வாரம் இறுக்கமாகத் தோன்றினாலும் நெடுநாளைக்கு அதுவே சுகம். அடிமுனையும் அந்த அணைப்புக்குள் வர வேண்டும். முனைக்கு அடியில் வெற்றிடம் இருந்தால் அங்கே நீர் தேங்கி, தோல் கறுத்துத் தடித்து, பருப்பருவாகி வெடிக்கும். சுமை வேண்டாம், தொடுகை வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துச் செய்வதில்தான் கை தேர்ச்சி தெரியும்.

வன்னியின் வாழ்க்கை சொக்கெற்றிடம் கேட்பது எல்லா ஊர்களிலும் கேட்கப்படாத சில. குந்தி இருக்க வேண்டும்: மலசலகூடத்தில், அடுப்படியில், மிளகாய்க் கன்றுக்குப் புல்லுப் பிடுங்கும்போது. முழங்காலை முழுதாக மடக்கும்போது சொக்கெற்றின் பின்விளிம்பு மடிப்புக்குள் ஏறி நாண்களை வெட்டும். விளிம்பைத் தாழ்த்தி வெட்டினால் குந்தலாம். ஆனால் காலை முன்னுக்குத் தள்ளி நாணின் மேல் நிறுத்துவது அந்தப் பின்சுவர்தான், அது குறைந்தால் கால் பின்வாங்கிச் சரியும். நடுவில் சற்று உயர்த்தி, இருபுறமும் நாண்கள் ஓடும் இடத்தில் மட்டும் பள்ளமாக வெட்டுவது ஓரளவு உதவுகிறது. எவ்வளவு தாழ்த்துவது என்பதை அவர் என் முன்னால் குந்திக் காட்டிய பின்னரே முடிவுசெய்கிறேன். கதிரையில் இருத்தி மட்டும் பார்த்துவிட்டு அனுப்புவது எங்கள் ஊருக்குப் பொருந்தாது.

செருப்பும் அப்படித்தான். பாதத்தின் சாய்வு ஒரு குறிப்பிட்ட குதி உயரத்துக்காகப் பொருத்தப்படுகிறது. தட்டையான பாட்டாச் செருப்புக்குப் பொருத்திய காலோடு, கலியாண வீட்டுக்கென்று குதி உயர்ந்த சப்பாத்தைப் போட்டால் முழுக் காலும் முன்னோக்கிச் சாயும். எலும்பு முனை முன்சுவரில் போய் அழுந்தும். குதியுள்ள சப்பாத்துக்குப் பொருத்திய காலோடு கோயிலுக்குள் வெறும் பாதமாகப் போனால் முழங்கால் பின்னோக்கித் தள்ளப்படும். சொக்கெற்றில் குறையே இல்லாமல் சொக்கெற் கடிப்பது இப்படித்தான். பாதம் சில மில்லிமீற்றர் உள்ளுக்கோ வெளியிலோ தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தாலும் அழுத்தம் இடம் மாறும். பாதம் வெளியே போனால் சிறிய எலும்பின் தலையில் விழும். ஆகவே உள்ளே செதுக்குவதற்கு முன் கீழே பாதத்தைப் பார்ப்பது என் வழக்கம்.

வேர்வையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சித்திரை, வைகாசியில் பொலிபுரொப்பிலீன் கூட்டுக்குள் சூடு வெளியேற வழியில்லை. ஈரத்தில் ஊறிய தோல் உரசலுக்கு எளிதில் கிழியும். எஞ்சிய காலை இரவில் கழுவித் துடைத்துக் காற்றாட விட வேண்டும். காலையில் கழுவி, ஈரம் முழுதாகக் காயாமல் சொக்கெற்றுக்குள் இறக்கக் கூடாது. சிலிக்கோன் உறைகள் 1980களிலிருந்து உலகெங்கும் பரவியிருக்கின்றன; அழுத்தத்தைச் சீராகப் பரப்புவதில் அவை சிறந்தவை, தழும்பு நிறைந்த எங்கள் கால்களுக்கு மிகவும் வேண்டியவை. ஆனால் அவை வெப்பத்தையும் வேர்வையையும் இன்னும் அடைத்து வைக்கும், நாள்தோறும் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், கிழிந்தால் புதிது வாங்கும் வழி வேண்டும். ஒருமுறை கொடுத்துவிட்டு அடுத்ததைக் கொடுக்க எவரும் இல்லாமற்போனால் அந்த உறைக்கென்று செய்த சொக்கெற்றும் பயனற்றதாகிவிடும்.

இலங்கை 2017 டிசெம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அந்த உடன்படிக்கை நிலத்தைத் துப்புரவாக்குவதைப் போலவே பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுவதையும் கடமையாகச் சொல்கிறது. வளர்ந்தவர் ஒருவருக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுக் கால் வேண்டும். வளரும் பிள்ளைக்கு ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பிள்ளைகளுக்கு வெட்டிய எலும்பே தோலை நோக்கி வளர்ந்து கூராக நிற்பதும் உண்டு. அதற்குச் சத்திரசிகிச்சைதான் வழி. 2009 இல் இருபது வயதில் கால் இழந்த ஒருவர் எழுபது வயதுவரை வாழ்ந்தால் அவருக்குப் பத்துக்கும் மேற்பட்ட கால்கள் வேண்டும். நன்கொடையாளர்கள் கால்களின் எண்ணிக்கையைக் கேட்கிறார்கள், கையளிக்கும் நாளில் படம் எடுக்கிறார்கள். கையளித்து ஆறு மாதத்துக்குப் பிறகு எத்தனை பேர் அதைப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்பவர் குறைவு. காலுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைத் திருத்த வருபவரின் பஸ் காசுக்கும் மேசுக்கும் ஒதுக்கினால், இருக்கும் கால்களே இன்னும் நெடுநாள் நடக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

இதை வாசிப்பவர்களில் எவருக்காவது, அல்லது உங்கள் வீட்டில் எவருக்காவது, மூலையில் சாத்திவைத்த கால் ஒன்று இருந்தால், அதைச் செய்த இடத்துக்கோ அருகில் உள்ள பட்டறைக்கோ எடுத்துச் செல்லுங்கள். குளித்து முழுகி, புதுச் செருப்புப் போட்டு, காலை முதல் பஸ்ஸில் வர வேண்டாம். அந்த நேரத்தில் கால் பருத்திருக்கும், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். முடிந்தால் மத்தியானத்துக்குப் பிறகு, பாதி நாள் வேலைசெய்த காலோடு, வேலைக்குப் போடும் செருப்போடும், உண்மையாகப் போடும் மேசோடும் துணியோடும் வாருங்கள். புண் இருந்தால் அது ஆறும்வரை காத்திருக்காமல் அதோடேயே வாருங்கள், அதன் இடம்தான் எங்களுக்கு வேண்டும். ஆனால் புண்ணோடு வருபவர்கள் வழியில் பொய்க்காலைப் போட்டு நடக்காமல் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள். திருத்திய பின்னர் முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டு, கழற்றித் தோலைப் பார்த்து, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுங்கள். கறுத்த தடம் அரை மணி நேரத்துக்குப் பிறகும் மறையாவிட்டால் அன்றைக்கு மறுபடி போடாதீர்கள், அடுத்த நாளும் அப்படியே இருந்தால் திரும்பி வாருங்கள்.